மூன்றாவது அறை யாருக்கு?

மார்ச் 7, சனி

மேகம். பூச்சியத்துக்குக் கீழே மூன்று. ‘உணர்வது பத்து’ என்கிறது போன். உணர்கிறவன் நான். அதற்கு எப்படித் தெரியும்?

காலை காருக்கு எண்ணெய் மாற்றியது. பிரேக் தேய்ந்துவிட்டது என்றான் கடைப் பெடியன். ஸ்காபரோவில் இத்தனை வருடமாய் பஸ் ஓட்டுகிறவனிடம் பிரேக் கதை. சிரித்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் இத்தாலிப் பயணக் கதை. மகள் அபி லப்ரொப்பைக் குசினி மேசையில் வைத்துத் திட்டத்தைக் காட்டினாள். ஜூன் நடுவில். மனைவி ஜெ.யும் நானும் கட்டி முப்பது வருடம் என்று பிள்ளையின் ஏற்பாடு. விமானம், தங்குமிடம் எல்லாம் அவள் பொறுப்பு. கார் ஓட்டுவது என் பொறுப்பு.

ரோம், மூன்று இரவு. சரி.
புளோரன்ஸ், இரண்டு. சரி.
பீசா, கோபுரத்தடியில் இறங்கு, படம் எடு, ஏறு. மிகச் சரி.
சாந்தா மரீனா, இரண்டு இரவு.
பிறகு மிலான், விமானம்.

சாந்தா மரீனா என்றால் என்ன? தேடிப் பார்த்தேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மஞ்சளும் ரோசாவுமாய்க் கொஞ்ச வீடுகள், ஒரு தேவாலயம், நாலு வள்ளம், கல்லுக் கடற்கரை. அவ்வளவுதான். பெருந்தெருவில் இருந்து இறங்கி வளைந்து வளைந்து போகவேண்டும். வழியிலும் இல்லை.

“அங்கை பார்க்க என்ன இருக்கு?” என்றேன்.

“கடல் இருக்கு அப்பா.”

“கடல் எல்லா இடமும் இருக்கு.”

ஜெ. வாய் திறக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எந்த விஷயத்திலும் வாய் திறக்கிறவள் இதில் மட்டும் திறக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும் நாள். அடுப்பில் இருக்கிற மணிக்கூட்டை மாற்ற எனக்கு இன்னும் தெரியாது. அபி மாற்றினாள். ஐரோப்பாவில் மாத முடிவில்தான் மாற்றுவார்கள். அதுவரைக்கும் ஜெர்மனிக்கும் எங்களுக்கும் வித்தியாசம் ஐந்துதான். இது எதற்கு எனக்கு ஞாபகம் வரவேண்டும்?

சாந்தா மரீனா வீட்டை அபியின் லப்ரொப்பில் மறுபடி பார்த்தேன், அவள் குளிக்கப் போன நேரம். மூன்று அறை. மூன்று! மற்ற எல்லா ஊரிலும் இரண்டு. நாங்கள் இரண்டு பேர் ஒன்றில், அபி ஒன்றில். மூன்றாவதில் ஒரு பெரிய கட்டில், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில்.

தாய், தகப்பன், ஒரு பிள்ளை.

யார் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

பனித்தூறல். காலைப் பாட்டம் மோர்னிங்சைட் பக்கம் பஸ் ஓட்டினேன். ஒரு அன்ரி கத்தரிக்காய் மூட்டையோடு ஏறி, இறங்கும்போது ஒரு காயை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனா. ஏன் என்று தெரியாது. கொண்டு வந்து ஜெ.யிடம் கொடுத்தேன். நல்ல காய்.

இடைவேளையில் செல்வம் அண்ணையிடம் வாய் விட்டேன். என்னோடு ஒரே கராஜில் ஓட்டுகிறவர், ஓய்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மூண்டு அறையோ? ரெண்டு நாளோ? ஐசே நாதன், உது பிளான். ஆரோ வருகினம்.”

“ஆர் அண்ணை வரப்போயினம்?”

“என்னட்டைக் கேக்கிறீர். உமக்குத் தெரியாததே?”

பிறகு கனடாவில் இருந்து பாரிசுக்குக் கல்யாணத்துக்குப் போன ஒருவரின் கதை. மண்டபத்தில் பகையாளித் தமக்கையைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி வைத்திருந்தார்களாம். மனுஷன் சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டாராம். அண்ணைக்கு இந்தக் கதையில் அந்தச் சாப்பாடுதான் கவலை. என்னென்ன கறி என்று வரிசையாய்ச் சொன்னார்.

யாரும் பார்க்காத கொப்பிதானே, எழுதி வைக்கிறேன். தம்பி சிறீ ஜெர்மனியில், ஸ்ருட்கார்ட்டில். மனைவி வதனி, ஒரு மகன். அம்மா இங்கே என் வீட்டில் தவறிப்போனா. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசி மகன். கொள்ளி வைக்கும் உரிமை அப்படித்தான். அவனுக்கு அப்போது அங்கே பாஸ்போட் இல்லை, அகதிப் பத்திரம்தான். விசா இழுபட்டது. நான் பொறுத்தேன். பிரேதம் வைத்திருந்த மண்டபக்காரர் இனி ஏலாது என்றார்கள். சொந்தக்காரர் பிரேதத்தை இப்படி வைத்திருக்கக் கூடாது என்றார்கள். தகனசாலையில் பட்டனை அழுத்தியது நான்.

அவன் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவன்று வந்து இறங்கினான். வாசலில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “கொஞ்சம் பொறுத்திருக்கேலாதோ? அது என்ரை கடமையெல்லோ” என்றான். சாப்பிடவில்லை. வேறு வீட்டில் போய்த் தங்கிவிட்டுத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு கதை பேச்சு இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம்.

நான் செய்தது சரி. இன்றைக்கும் சரி.

ஜெ.யும் வதனியும் போனில் படம் அனுப்புகிறது உண்டு. எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

மார்ச் 12, வியாழன்

வெயில், ஆனால் நம்ப முடியாத வெயில்.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது குசினியில் ஜெ.யின் குரல். போனில். நான் வந்தது கேட்கவில்லை.

“போன பிறகு சொல்லுவம். முதலே சொன்னால் மனுசன் வரமாட்டன் எண்டு நிக்கும்.”

கொஞ்ச நேரம் மற்றப் பக்கம் கதைத்தார்கள்.

“இல்லையில்லை. அங்கை போய்க் கண்ணாலை கண்டால் ஒண்டும் செய்யேலாதுதானே.”

சிரிப்பு.

நான் சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போய், கதவைப் பலமாய்ச் சாத்தி மறுபடி வந்தேன்.

“ஆரோடை கதைச்சனீர்?”

“மாலா அக்காவோடை.”

எந்த மாலா? கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துவிடுவாள்.

இரவு கத்தரிக்காய்ப் பால்கறி. மனம் சரியில்லாத நேரத்திலும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 14, சனி

குளிர். செய்ய வேண்டியது: சர்வதேச ஓட்டுநர் பத்திரம், அதற்குப் படம். மூக்குக் கண்ணாடி. பேஸ்மென்ற் விளக்கு.

ஜெ. சனிக்கிழமை காலையில் கோயிலில் சமையலுக்கு உதவப் போகிறாள், பனிக்காலம் தொடங்கின நாளில் இருந்து. இன்றைக்குத்தான் கவனித்தேன். திரும்பி வரும்போது தலை ஈரம். கிட்டப் போனால் பிளீச் மணம்.

“கோயிலிலை என்ன, முழுகினனீரோ?”

“நிலம் கழுவினனாங்கள்.”

நிலம் கழுவினால் தலையா நனையும்? போனையும் அந்த நேரம் முழுக்க நிறுத்தி வைத்திருக்கிறாள், இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை என்றால் ஜெர்மனியில் பின்னேரம், எல்லாரும் வீட்டில். யாராவது சிநேகிதி வீட்டில் இருந்து வீடியோவில் கதைக்கிறார்களோ? ஈரத் தலை அந்தக் கணக்குக்குள் வரவில்லை. பிறகு யோசிக்கிறேன்.

இன்னொன்று. கடையில் பருத்தித்துறை வடைக்கு, நாள்பட இருக்கிற அந்தத் தட்டை வடைக்கு, சொல்லி வைத்திருக்கிறாளாம், பயணத்துக்கு. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் விழுந்து விழுந்து சாப்பிடுவதில்லை. யார் சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் காலத்தில் என் பங்கையும் களவெடுத்துத் தின்கிறவன்.

மார்ச் 15, ஞாயிறு

மழை. இத்தாலியில் கார் ஓட்டுவது பற்றி வாசித்தேன். பழைய நகரங்களுக்குள் வெளியாரின் கார் நுழையக்கூடாத இடங்கள் உண்டு. பலகை சின்னது, கமரா பெரியது. தண்டக் கடிதம் ஆறு மாதத்துக்குப் பிறகு கனடாவுக்கே வருமாம். பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் ஊர்க்காரருக்கு. ஒரு நாடே ஆளைப் பிடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த நாட்டைப் பிடித்துவிட்டது.

பயணப் பேச்சுத் தொடங்கின அன்றைக்கே அபிக்குச் சொல்லிவிட்டேன், எந்த ஊரிலும் பார்க்கிங் இல்லாத வீடு எடுக்கக் கூடாது என்று.

அவன் அங்கே வந்து நின்றால் என்ன சொல்வது? பஸ்ஸில் தனியே இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.

முதலாவது: “உன்னை ஆர் கூப்பிட்டது?”
இரண்டாவது: ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறி மிலான் போவது. ஜெ.யும் அபியும் ரயிலில் வரட்டும்.
மூன்றாவது: விசா தந்தவனைப் போய்க் கேள், என்னைக் கேட்காதே என்பது. இது நல்லாயிருந்தது. இன்னொரு முறை பலமாய்ச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தால் பின் சீற்றில் ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டேன்.

மார்ச் 18, புதன்

மறுபடி பனி. பாதையெல்லாம் சேறு.

ஸ்ருட்கார்ட்டில் இருந்து சாந்தா மரீனாவுக்குக் காரில் வருவதானால் சுவிஸ் வழி. மலையைக் குடைந்த பெரிய சுரங்கப்பாதை. ஜூனில் அதன் வாசலில் சனம் வரிசையில் நிற்குமாம். விடியக் கிளம்பினால் பொழுதுபட வந்துவிடலாம். சுவிஸ் பெருந்தெருவுக்கு ஒரு ஸ்ரிக்கர் ஒட்டவேண்டும். அவனிடம் இருக்கிறதோ தெரியாது. மறந்துவிடுகிற ஆள்.

எனக்கென்ன வந்தது.

அபி இரவு வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருந்தாள். “அப்பா, ஆர் யூ ஓகே? கொஞ்ச நாளா என்னை ஒரு மாதிரிப் பாக்கிறீங்கள்.”

“நான் எல்லாரையும் அப்பிடித்தான் பாக்கிறது.”

“ட்ரூ” என்று எழும்பிப் போனாள்.

மார்ச் 20, வெள்ளி

காரை மாற்றிவிட்டேன். அபி சின்ன ஐந்து சீற் கார் எடுத்திருந்தாள். வாடகைக் கொம்பனிக்கு நானே போன் எடுத்து ஏழு சீற்றாக்கினேன். பெட்டி வைக்க இடம் வேண்டும்.

உண்மையில் யோசித்துத்தான் செய்தேன். அந்தச் சதி நடக்கத்தான் போகிறது என்றால் நடக்கட்டும். அந்த வீட்டில் ஒரு கார் விடத்தான் இடம். தெருவோ ஒரு வள்ளத்தின் அகலம். இரண்டு காரில் போய் அங்கே முட்டுப்படக் கூடாது. அவனுடையதை மேலே பெருந்தெரு ஓரம் விட்டுவிட்டு என் காரில் ஏறலாம். ஓட்டுவது நான். அந்த வளைவுகளில் அவனை ஓட்ட விட ஏலாது, சைக்கிளிலேயே மதிலில் கொண்டுபோய் மோதினவன்.

வீட்டில் சொல்லவில்லை. அவர்கள் எனக்கு ஒளிக்கிறார்கள், நான் அவர்களுக்கு ஒளிக்கிறேன்.

மார்ச் 21, சனி

வெயில். இன்றைக்குக் கொஞ்சம் உண்மையான வெயில்.

சலூனுக்குப் போனேன். தலைக்கு டை அடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “அண்ணைக்கு என்ன, கல்யாணமோ?” என்று கேட்டான் வெட்டுகிற தம்பி. ஜூனுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, எனக்கும் தெரியும். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் என்ன இளமையாகவா இருக்கப் போகிறான். வதனி போட்ட படத்தில் பார்த்தேன், முன்னுக்கு முடியே இல்லை. அப்பாவைப் போலவே இருந்தது. ஜெ. போனை மேசையில் விட்டுவிட்டுப் போனபோது பார்த்தது. நான் தேடிப் பார்க்கவில்லை.

ஜெ. காலை போனாள், மத்தியானம் வந்தாள். ஈரம். பிளீச்.

நாளைக்குக் கேட்கப் போகிறேன். இப்படி மூன்று மாதம் இருக்க என்னால் ஏலாது. வாறான் என்றால் வாறான் என்று சொல்லட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு. ஆட்டிறைச்சி, கீரை, சொதி. கை கழுவ முதலே சொல்லிவிட்டேன்.

“எனக்கு எல்லாம் தெரியும்.”

ஜெ.யின் முகம் செத்துப் போனது. எனக்குள் ஒரு வெற்றி.

“ஆர் சொன்னது? அபி, நீ சொன்னனியோ?”

“அம்மா, ஐ ஸ்வேர். நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“ஒருத்தரும் சொல்லேல்லை” என்றேன். “எனக்குக் கண் இருக்கு. சாந்தா மரீனா ஏன் எண்டு எனக்குத் தெரியும். சனிக்கிழமையிலை நீர் கோயிலுக்குப் போறேல்லை எண்டும் தெரியும்.”

ஜெ. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு எழும்பி மேலே போனாள். திரும்பி வந்து ஒரு பையை மேசையில், சொதிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே முழங்கால்வரை மறைக்கிற ஒரு கறுத்த நீச்சல் உடுப்பு. றப்பர் தொப்பி. கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி.

“நீந்தப் பழகிறன்” என்றாள். “சமூக நிலையத்துக் குளத்திலை சனிக்கிழமை காலமை பொம்பிளையளுக்கு மட்டும். மாலா அக்காவும் வாறவ.”

நான் தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிளீச் மணம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் ஆழம் எவ்வளவு, ஆர் பாக்கிறது, வாயிலை தண்ணி போனால் என்ன செய்யிறது எண்டு என்னைப் படுத்திப்போடுவியள். நான் கடற்கரையிலை பிறந்தனான், தெரியும்தானே. ஒருநாளாவது கணுக்காலுக்கு மேலை நனைய விட்டவையோ? அண்ணன்மார் எல்லாம் பாய்ஞ்சு குளிப்பினம். நான் கரையிலை நிண்டு அவையின்ரை சேட்டுக்குக் காவல். எனக்கு ஒருக்கா கடலுக்குள்ளை நீந்தவேணும். சனமில்லாத, அலையில்லாத ஒரு இடமாப் பார் எண்டு பிள்ளையைக் கேட்டன். அங்கை போய்த்தான் உங்களுக்குச் சொல்லுறதா இருந்தனான்.”

அவள் கண்ணில் தண்ணி நின்றது. நான் கேட்டதைப் பாருங்கள்.

“அப்ப மூண்டாவது அறை?”

“எந்த அறை?”

அபி லப்ரொப்பை இழுத்தாள். “அப்பா, பார்க்கிங் வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அந்த ஊரிலை பார்க்கிங் இருக்கிற வீடு அது ஒண்டுதான். அதிலை மூண்டு றூம். தட்ஸ் இற்.”

“வடை?”

“வழியிலை தின்ன” என்றாள் ஜெ. “மூண்டு நாள் பாஸ்ரா சாப்பிட்டால் நீங்கள் கத்தத் தொடங்கிவிடுவியள்.”

அபி திரையைப் பார்த்தபடி நெற்றியைச் சுருக்கினாள். “வெயிற். கார் மாறியிருக்கு. செவன் சீற்றர்? ஹூ டிட் திஸ்?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு கிழமையாக நான் அவர்களைப் பார்த்தது போலவே.

“ஆரை ஏத்தப் போறியள்?” என்றாள் ஜெ.

“பெட்டிக்கு.”

“எங்களுக்கு மூண்டு சின்னப் பெட்டிதானே.”

நான் சோற்றைப் பிசைந்தேன். முப்பது வருடம் கூட இருக்கிறவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சிறீ வருவான் எண்டு நினைச்சனீங்களோ?” என்றாள்.

எழும்பி வெளியே போனேன். வாசலில் பனி தள்ளும் மண்வெட்டியை எடுத்தேன். தள்ளப் பனி இல்லை, எல்லாம் நேற்றைய வெயிலில் கரைந்துவிட்டது. கொஞ்ச நேரம் வெறும் சீமெந்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். முன்வீட்டுச் சீனக்காரக் கிழவர் கை காட்டினார். நானும் காட்டினேன்.

ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. ஒரு சதியும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். இல்லை. ஏமாற்றமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். நெஞ்சுக்குள் பெரிய ஏமாற்றம்.

மார்ச் 23, திங்கள்

மழை. நாள் முழுக்கத் துடைப்பான் அடித்துக்கொண்டே ஓடியது.

ஜெ. தேத்தண்ணி தந்தாள், பக்கத்தில் இருந்தாள். நீச்சலில் எவ்வளவு தூரம் வந்துவிட்டீர் என்று நானே கேட்டேன். குளத்தின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு நிற்காமல் போவாளாம். ஆழமான பக்கத்திலும். சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி முகம். வாயில் தண்ணி போனால் என்ன செய்வது என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டேன். பெரிய சாதனை.

படுக்க முதல் அவள்: “வதனியைக் கேட்டு சிறீயின்ரை நம்பர் எடுத்துத் தரட்டோ?”

“வேண்டாம்.”

நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு புதுப் போனுக்கும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். ‘ஜெர்மனி’ என்று.

காரை ஐந்து சீற்றாகத் திரும்ப மாற்ற வாடகைக் கொம்பனிக்குப் போன் எடுக்க வேண்டும். நாளைக்கு.

மார்ச் 24, செவ்வாய்

காற்று. காலைப் பாட்டம் முடிந்து பின்னேரப் பாட்டத்துக்கு இடையில் நேரம். பிளாசா ஒன்றின் பின்பக்கம் என் காரில் இருந்தேன். கொத்துரொட்டி வாங்கினேன், தின்னவில்லை. வாடகைக் கொம்பனி நம்பரைத் தேட எடுத்த போன்.

கொம்பனிக்கு எடுக்கவில்லை.

நீண்ட நேரம் அடித்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்தேன். எடுக்காமல் விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். எடுத்தான். பின்னால் மெஷின்கள் இரைகிற சத்தம்.

“ஆர்?”

“நான்.”

பதறிப்போய்: “ஆர் செத்தது?”

வேறு எதற்கு நான் எடுப்பேன் என்று அவன் நினைத்திருக்கிறான்.

“ஒருத்தரும் சாகேல்லை.”

“எல்லாரும் சுகமோ? ஜெயந்தி அண்ணி? பிள்ளை?”

“எல்லாரும் சுகம். ஒருத்தரும் சாகேல்லை, சும்மாதான் எடுத்தனான்.”

கன நேரம் மெஷின் சத்தம். இப்போது வைத்துவிடுவான், இப்போது வைத்துவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேலையிலை நிக்கிறன்” என்றான். “வைச்சுப்போடாதேங்கோ. வெளியிலை வாறன்.”

நடக்கிற சத்தம். யாருக்கோ ஜெர்மனில் ஏதோ சொன்னான். ஒரு இரும்புக் கதவு. பிறகு மெஷின் சத்தம் நின்றுபோய் அவனுடைய மூச்சு மட்டும்.

“வந்திட்டன். சொல்லுங்கோ அண்ணை.”